பதுங்கனின் மண் மகுடம்

பள்ளத்துச் சோலையில் பயம் என்றால் என்னவென்றே அறியாத பறவைகள் பல இருந்தன. அத்தனைக்கும் சேர்த்துப் பயப்பட ஒருவன் இருந்தான். அவன் பெயர் பதுங்கன். சாம்பல் நிற இருவாச்சி.

இலை உதிர்ந்தால் பதுங்குவான். இடி இடித்தால் பதுங்குவான். தன் நிழல் தனக்கு முன்னால் விழுந்தால், "நீங்க முதல்ல போங்க" என்று வழிவிட்டு ஒதுங்குவான் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியது சுருளி என்ற மலை அணில். எனவே பாதியை நம்பினால் போதும்.

இந்தப் பதுங்கனுக்கு ஒரு காதல் இருந்தது.

அவள் பெயர் வெட்சி. அவளும் சாம்பல் இருவாச்சிதான். அவளைத் தேடி எத்தனையோ பேர் வந்தார்கள். மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து, தங்கள் வீரத்தைத் தாங்களே பாடிவிட்டுப் போனார்கள். பதுங்கன் மட்டும் அலகில் ஒரு பழத்தோடு வந்தான். நீட்டும்போது எங்கோ ஒரு சுள்ளி முறிந்தது. பழத்தைப் போட்டுவிட்டுப் பறந்தே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

"மன்னிச்சுக்க. பழம் எங்கே விழுந்துச்சுன்னு பார்த்தியா?" என்று கேட்டான்.

வெட்சி சிரித்த சிரிப்பில் கிளையே ஆடியது. அன்றே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பயந்து ஓடுகிறவர்கள் ஊரில் உண்டு. ஓடிவிட்டுத் திரும்பி வருகிறவனை அவள் பார்த்ததில்லை.

ஆனால் கல்யாணம் என்றதும் அவள் சிரிக்கவில்லை.

இருவாச்சிகளின் கல்யாணம் அப்படிப்பட்டது. பெண் ஒரு மரப்பொந்துக்குள் புகுந்துகொள்வாள். உள்ளிருந்தே மண்ணைக் குழைத்து வாசலைப் பூசி அடைப்பாள். ஒரு கீற்று மட்டும் மிச்சமிருக்கும். உள்ளே போனவளுக்குச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். மறுபடி முளைத்து, குஞ்சும் வளரும்வரை அவளால் பறக்க முடியாது. அந்தக் கீற்றின் வழியாகக் கணவன் அலகை நீட்டி ஊட்டுவான். அவன் வந்தால் அது வீடு. வராவிட்டால் அதுவே சமாதி.

"நீ நல்லவன்தான், பதுங்கா," என்றாள் வெட்சி. "ஆனா நீ பழம் கொண்டு வரும்போது நடுவழியில ஒரு கழுகு வந்தா என்ன செய்வே?"

"பதுங்குவேன்."

"எவ்வளவு நேரம்?"

"அது போற வரைக்கும்."

"அது போகவே இல்லேன்னா?"

"அப்பவும் பதுங்குவேன்," என்றான் பதுங்கன். பொய் சொல்லவும் அவனுக்குப் பயம்.

"அதுக்குள்ள நான் உள்ளேயே காஞ்சு சருகாயிடுவேன்!" என்றாள் வெட்சி. "எனக்கு வீரன் வேண்டாம். வர்றவன் வேணும். அது உன்னால முடியும்னு தோணுறப்ப சொல்லு."

அந்த வருடம் மழை பொய்த்தது. மரங்கள் பூத்ததோடு சரி, காய்க்கவில்லை. பறவைகள் பட்டினியோடு அலைந்தன.

ஒரு பகலில் கழுகு ஒன்று பதுங்கனைத் துரத்தியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பறந்தான். யாரும் போகாத ஓர் ஓடைப் பிளவுக்குள் விழுந்தான். புதருக்குள் தலையைச் செருகிக்கொண்டு, "நான் இங்கே இல்லை, நான் இங்கே இல்லை" என்று முணுமுணுத்தான்.

பொத்தென்று ஏதோ அவன் முதுகில் விழுந்தது.

"ஐயோ!" என்று அவன் அலறிய அலறல் சோலை முழுவதும் கேட்டது.

விழுந்தது ஓர் அத்திப்பழம். நிமிர்ந்து பார்த்தான். தலைக்கு மேலே ஒரு காட்டு அத்தி மரம். கிளை தெரியாமல் பழம். செக்கச்செவேல் என்று பழம்.

சோலையில் ஒரு வழக்கம் உண்டு. பழுத்த மரத்தை முதலில் கண்டு குரல் கொடுப்பவருக்கு, பழம் தீரும்வரை அந்த மரம் சொந்தம். அவர் வா என்றால்தான் மற்றவர்கள் கிளையில் கால் வைக்கலாம். குரல் எதற்காகக் கொடுத்தார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

குரல் கேட்டுச் சோலையே திரண்டு வந்தது.

"குரல் கொடுத்தது யாரு?"

"நம்ம பதுங்கன்!"

"பதுங்கனா! ஐயா பதுங்கரே, சௌக்கியமா?"

நேற்றுவரை அவனை மதியாத மைனாக்களும் குக்குறுவான்களும் வரிசையில் நின்று குனிந்தன. சுருளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். நேற்று அவனுக்குப் பதுங்கன் 'மாப்ளே'. இன்று அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.

"முதலாளி!" என்றான் சுருளி. "ஒரு கிளை எனக்கு ஒதுக்குங்க, முதலாளி!"

பதுங்கன் எல்லோரையும் வாருங்கள் என்றான். வேண்டாம் என்று சொல்லப் பயம். ஆனால் செல்வம் வந்ததும் அவன் பயம் குறையும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். நேற்றுவரை அவன் தன் உயிருக்கு மட்டும் பயந்தான். இன்று ஒவ்வொரு பழத்துக்கும் தனித்தனியாகப் பயந்தான். குரங்கு வருமோ? காற்று அடிக்குமோ? 'இவனுக்கெல்லாம் இப்படி ஒரு மரமா?' என்று யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ?

வெட்சி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்திலேயே ஒரு நாங்கு மரம் நின்றது. அதில் நல்ல பொந்து இருந்தது.

"இந்தக் கிளையிலேர்ந்து அந்தப் பொந்துக்குச் சிறகை முழுசா விரிக்கக்கூட வேண்டாம். ரெண்டு மரத்துக்கும் நடுவுல எந்தக் கழுகு வந்து நுழையும்?" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு தூரம் வருவியா?"

"வருவேன்!" என்றான் பதுங்கன். அவன் வாழ்நாளில் நடுங்காமல் சொன்ன முதல் சொல் அதுதான்.

வெட்சி பொந்துக்குள் போனாள். மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்தாள். கடைசியில் உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அலகைக் காட்டு. அளவு பார்க்கணும்."

அவன் நீட்டினான். அவள் அலகைச் சுற்றி மண்ணைப் பூசி, கீற்றை இறுக்கினாள்.

"இப்ப எடு. சரியா இருக்கு. உன் அலகு நுழையணும், வேற எதுவும் நுழையக் கூடாது. இந்தக் காட்டுல உடும்பு இருக்கு."

உடும்பு என்ற சொல்லைக் கேட்டதும் பதுங்கன் ஓர் இலைக்குப் பின்னால் போனான். பிறகு திரும்பி வந்து அவளுக்கு ஒரு பழம் ஊட்டினான். அப்புறம் இன்னொன்று. சில காலம் அப்படியே நன்றாகப் போயிற்று. உள்ளே முட்டைகளும் வந்தன.

ஒரு காலையில் சூறைக்காற்று வருவது போல ஓர் ஓசை கேட்டது. காற்று இல்லை. மேட்டுக் காட்டின் பெரிய இருவாச்சிகள் சிறகடித்து வந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் தலைமேல், அலகோடு சேர்ந்தே முளைத்த பெரிய மஞ்சள் மகுடம். அவர்களுக்கெல்லாம் தலைவர் பெருமுடியார்.

"இந்த மரத்துக்காரர் யாரு?" என்று கேட்டார் அவர். குரலே ஒரு குகைக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது.

"இவர்தாங்க! நம்ம முதலாளி!" என்று சுருளி முந்திக்கொண்டான்.

பெருமுடியார் பதுங்கனின் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தார்.

"தலை வெறுமையா இருக்கே?"

பதுங்கன் சிறகால் தலையை மூடிக்கொண்டான். மகுடம் இல்லாதவனுக்கு மரம் எதற்கு என்று இவர் கேட்டுவிட்டால்? மரம் போனால் வெட்சிக்கு எதை ஊட்டுவது? சோலை வழக்கப்படி அவன் மரத்தை யாரும் தொட முடியாது. அது அவனுக்கும் தெரியும். ஆனால் பயத்துக்குத் தெரியவில்லை.

"மகுடம்... வீட்டுல இருக்குங்க, ஐயா," என்று உளறினான். "நாங்க விசேஷத்துக்கு மட்டும்தான் போடுவோம்."

பெரிய இருவாச்சிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெருமுடியார் இமைக்காமல் ஒரு பழத்தை விழுங்கினார்.

"அப்படியா, தம்பி! நாளைக்கு நம்ம மேட்டுக்கு வாங்க. மகுடத்தையும் போட்டுக்கிட்டு வாங்க!"

அவர்கள் போனதும் பதுங்கன் சுருளியைப் பிடித்துக்கொண்டான்.

"மகுடம் வேணும்! உடனே வேணும்! இல்லேன்னா நான் செத்தேன்!"

சுருளிக்கு இப்படிப்பட்ட வேலை என்றால் உயிர். ஓடைக் களிமண்ணைக் குழைத்தான். குங்கிலிய மரத்துப் பிசினைக் கலந்தான். காட்டு மஞ்சளைக் கடித்து மேலே தடவினான்.

"போதுமா?"

"இன்னும் பெருசா!" என்றான் பதுங்கன். "சின்னதா இருந்தா சந்தேகப்படுவாங்க. அலகு நுனி வரைக்கும் இழு!"

மறுநாள் காலை வெட்சிக்கு ஊட்டி முடித்ததும் மகுடம் ஏறியது. நண்பகல் வெயிலில் அது பாறையாக இறுகியது. பதுங்கன் ஓடைத் தேக்கத்தில் எட்டிப் பார்த்தான். நீருக்குள் யாரோ ஒரு பெரிய மனிதர் தெரிந்தார். அவன் பணிவாக அவருக்குத் தலைகுனிந்தான்.

மேட்டுக் காட்டில் அவனுக்கு நல்ல வரவேற்பு. அங்கத்து மரியாதைப்படி, பழத்தை மேலே வீசி அலகால் ஏந்தித் தின்ன வேண்டும். பேசினால் மெதுவாகப் பேச வேண்டும். பள்ளத்தைக் குனிந்து பார்க்கக் கூடாது. பெருமுடியாரின் மனைவி பெருமுடியம்மாள், வாலடியில் சுரக்கும் மஞ்சள் எண்ணெயால் தன் மகுடத்தைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டே, "தம்பிக்கு மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றாள். பதுங்கன் சட்டென்று நிழல் பக்கம் நகர்ந்துகொண்டான். தடவிய மஞ்சள் பொடியாக உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்தது. கழுத்து முறிந்துவிடும் போல வலித்தது. இருந்தாலும் 'தம்பி, தம்பி' என்று அவர்கள் அழைத்தபோது உள்ளுக்குள் தேன் ஒழுகியது. இவர்கள் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டால் யார் தன்னைத் தொட முடியும் என்று நினைத்தான்.

புறப்படும்போது பெருமுடியார் சொன்னார்: "நாளைக்கு முட்டு விழா, தம்பி! வானத்துல எதிரெதிரா பறந்து வந்து மகுடத்தோட மகுடம் முட்டுவோம். என்னோட முட்டினவன் நம்மவன்!"

பதுங்கன் மயங்கி விழாமல் இருந்ததற்குக் காரணம், மகுடத்தின் கனத்தில் அவன் ஏற்கனவே கிளையில் சாய்ந்திருந்ததுதான்.

மாலையில் பழத்தோடு பொந்துக்கு வந்தான். அலகை நீட்டினான்.

டொக்!

மகுடம் சுவரில் இடித்தது. உள்ளே வெட்சி அலறினாள்.

"யாரது! போ! கொத்திடுவேன்!"

"நான்தான், வெட்சி! பதுங்கன்!"

"குரல் அவன் குரலா இருக்கு. அலகு யாரோடது?"

அவன் மறுபடி நீட்டினான். டொக்! பழம் உருண்டு கீழே விழுந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தான். கவிழ்த்துப் பார்த்தான். கால் நகத்தில் பழத்தைக் குத்தி நீட்டிப் பார்த்தான். பிடி நழுவிப் பாதி மரத்துக்குச் சறுக்கினான். சுவரின் தடிப்பைத் தாண்டி வெட்சியின் சின்ன அலகு வெளியே எட்டவில்லை. எத்தனை பழம் எடுத்து வந்தாலும் அத்தனையும் கீழேதான் விழுந்தன.

வெட்சி கீற்றில் ஒரு கண்ணை வைத்து அவனை நன்றாகப் பார்த்தாள்.

"தலையில என்ன அது?"

அவன் நடந்ததைச் சொன்னான்.

"கழட்டு," என்றாள் அவள்.

"நாளைக்கு ஒரு நாள்தான், வெட்சி. விழா முடியட்டும்."

"எனக்குப் பசி இன்னைக்கு!"

"நீ... வாசலைக் கொஞ்சம் பெருசாக்கேன்?"

கேட்டுவிட்டு அவனே பயந்துபோனான்.

"உன் மகுடம் நுழையுற வாசல்ல உடும்பும் நுழையும்," என்றாள் வெட்சி. "எனக்குப் பறக்கச் சிறகு இல்லை. முட்டைங்களுக்குக் காலும் இல்லை. பதுங்கா, உண்மையைச் சொல்லு. உனக்கு யார் மேல பயம் அதிகம்? உடும்பு மேலயா, அந்தப் பெரிய மனுஷங்க மேலயா?"

அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் மகுடத்தைக் கழற்றப் பார்த்தான். பட்டையில் தேய்த்தான். பாறையில் இடித்தான். பிசின் அசையவில்லை. சுருளி பல்லால் சுரண்டிப் பார்த்தான். பல்தான் ஒட்டிக்கொண்டது.

"நான் வேணும்னா கையால ஊட்டட்டுமா?" என்று சுருளி பொந்தருகே போனான்.

"முட்டை இருக்கிற வீட்டுல அணிலையா விடுவாங்க!" என்று உள்ளிருந்து ஒரு கொத்து விழுந்தது. சுருளி விரலைச் சப்பிக்கொண்டு இறங்கினான்.

மறுநாள் பொழுது விடிந்தது. வெட்சி ஒன்றும் கேட்கவில்லை. அது அவள் அழுவதைவிட அதிகமாகப் பதுங்கனைப் பயமுறுத்தியது. ஆனால் மேட்டுக்குப் போகாவிட்டால் பெருமுடியார் கோபிப்பார். கோபித்தால் மரம் போகும். மரம் போனால் வெட்சிக்கு எதை ஊட்டுவது? வெட்சிக்காகத்தான் போகிறோம் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டு பறந்தான். பயம் எப்போதும் நல்ல காரணத்தைத்தான் கையில் வைத்திருக்கும்.

மேட்டில் விழா தொடங்கியிருந்தது. இருவர் இருவராக வானத்தில் சுழன்று வந்து முட்டினார்கள். டக்! டக்! கோடாலி விழுவது போல மலை முழுவதும் எதிரொலித்தது. பதுங்கன் ஒரு பட்ட மரத்தின் கிளையில் ஒண்டிக்கொண்டிருந்தான். ஒரே முட்டு. மண் பொடிப்பொடியாகும். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் மரம்? மானம்?

"அடுத்தது தம்பி!" என்றார் பெருமுடியார்.

அப்போது மர உச்சிகளைத் தாவித் தாவிச் சுருளி வந்தான். முதலாளி என்ற சொல்லை எங்கோ வழியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான்.

"மாப்ளே! மாப்ளே! வெட்சி வாசலை உடைக்கிறா!"

"என்ன!"

"பசி தாங்கலையாம்! உன் அலகு நுழையட்டும்னு உள்ளேயிருந்து மண்ணைக் கொத்துறா! அந்தச் சத்தம் கேட்டு உடும்பு வந்துடுச்சு! மரத்துல ஏறுது, மாப்ளே!"

"பள்ளத்து அணிலுக்கு எப்பவும் கூச்சல்தான்," என்றார் பெருமுடியார். "குனிஞ்சு பார்க்காதீங்க, தம்பி. நம்ம மரியாதைக்கு ஆகாது."

பதுங்கன் குனிந்து பார்த்தான். மகுடம் மறைத்தது. பள்ளம் தெரியவில்லை. வெட்சி இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. இந்தத் தலையோடு போய் என்ன செய்வது? வாசலில் நின்று டொக் டொக்கென்று இடிப்பதா?

அவன் கிளையைவிட்டு எழும்பினான். ஓடுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் வானத்தில் ஒரு வட்டம் போட்டு, பெருமுடியாருக்கு நேர் எதிரே திரும்பினான்.

"முட்டுங்க, ஐயா!" என்று கத்தினான். "பலமா முட்டுங்க! இப்பவே!"

அவன் கண்ணை மூடவில்லை. பெரிய மஞ்சள் மகுடம் மலை போல வளர்ந்து வளர்ந்து வந்தது.

டமார்!

தலைக்குள் ஆயிரம் சில்வண்டுகள் இரைந்தன. களிமண்ணும் பிசினும் மஞ்சளும் தூளாகிக் காற்றில் பறந்தன. பழைய மொட்டை அலகு வெயிலில் வெளியே வந்தது. பதுங்கன் யார் முகத்தையும் பார்க்க நிற்கவில்லை. ஒரு கல் விழுவது போலப் பள்ளத்துக்குள் விழுந்தான்.

உடும்பு பொந்தருகே வந்துவிட்டிருந்தது. அதன் பிளவுபட்ட நாக்கு நீண்டு நீண்டு சுவரைத் தடவியது. கீற்று முன்பைவிடச் சற்றே விரிந்திருந்தது. உடும்பு தலையை அதில் வைத்து அளவு பார்த்தது. விளிம்பிலிருந்து மண் உதிர்ந்தது.

பக்கத்தில் அடர்த்தியான இலைக்கொத்து ஒன்று இருந்தது. பழக்கம் அவனை இழுத்தது. பதுங்கன் அதற்குள் போய்விட்டான். 'நான் இங்கே இல்லை, நான் இங்கே...'

உள்ளிருந்து வெட்சியின் குரல் கேட்டது. பசியில் பாதியாகிவிட்ட குரல்.

"கிட்ட வராதே! என் புருஷன் இப்ப வந்துடுவான்!"

உடும்பு சிரித்தது. "யாரு, பதுங்கனா?"

"ஆமா! பதுங்கன்தான்!"

இத்தனை நாளும் அவன் கழுகுக்குப் பயந்தான், இடிக்குப் பயந்தான், பெருமுடியாருக்குப் பயந்தான். அவள் சொன்னது பொய்யாகிவிடுமோ என்ற பயம் வந்தபோது, மற்ற பயங்கள் அத்தனையும் அதன் நிழலில் ஒடுங்கிப்போயின. இலைக்கொத்தைப் பிளந்துகொண்டு வெளியே பாய்ந்தான். உடும்பின் மூக்குக்கும் பொந்துக்கும் நடுவே பட்டையில் நகங்களை ஊன்றினான். அலகைக் கீற்றுக்குள் செலுத்தினான்.

வேர்வரை உள்ளே போயிற்று. வாசலும் அடைபட்டது.

உள்ளே வெட்சி அவன் அலகைத் தன் அலகால் கவ்விக்கொண்டாள்.

"தம்பி," என்றது உடும்பு மெதுவாக, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. "முதுகு தெரியுது."

அவனால் திரும்பிப் பார்க்க முடியாது. பயந்தவனுக்கு அதைவிடக் கொடுமை உண்டா?

"நகரு. உன்கிட்ட சதையே இல்லை. எனக்கு வேண்டியது உள்ளே இருக்கு."

"ம்ம்!" என்றான் பதுங்கன். அலகு பொந்துக்குள் இருந்ததால் அவ்வளவுதான் வந்தது.

"நகரமாட்டியா?"

"ம்ம்ம்!"

உடும்பு அவன் வாலைக் கவ்வியது. உடும்புப் பிடி என்றால் சும்மாவா? இழுத்தது. பதுங்கன் பட்டையை விடவில்லை. வெட்சி அவன் அலகை விடவில்லை. உடும்பு தன் நகங்களையும் எடுத்துவிட்டு, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டுத் தொங்கியது. பறவையா, வாலா, எது முதலில் பிய்யும் என்று சுருளி கண்ணைப் பொத்திக்கொண்டான்.

வால் பிய்ந்தது.

வாய் நிறைய இறகோடு உடும்பு கிளைகளில் மோதி, பாறையில் புரண்டு, ஓடைக்குள் தொப்பென்று விழுந்தது. தும்மிக்கொண்டே கரையேறிய அது அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

வெட்சி அலகை விட்டாள். மடமடவென்று மண்ணைக் குழைத்துக் கீற்றைப் பழைய அளவுக்குப் பூசினாள். பிறகு கேட்டாள்:

"எதாவது கொண்டு வந்தியா?"

"இல்லை. அவசரத்துல..."

"போ! எடுத்துட்டு வா! எனக்கு உயிர் போகுது!"

அவன் அத்தி மரத்துக்குப் பறந்தான். வால் இல்லாமல் பறப்பது கள் குடித்தவன் நடப்பது போலிருந்தது. அங்கே பெருமுடியாரும் கூட்டமும் வந்து இறங்கியிருந்தார்கள். பதுங்கன் மொட்டை அலகோடும் மொட்டைப் பின்புறத்தோடும் அவர்கள் முன் நின்றான்.

"ஐயா, அது மண்ணு," என்றான். "நான் பொய் சொல்லிட்டேன்."

பெருமுடியார் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

"முதல் நாளே தெரியும், தம்பி! மகுடத்தை வீட்டுல வச்சுட்டு வந்தவனை எங்க பரம்பரையில யாரும் பார்த்ததில்லை!"

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"பழம் நல்லா இருந்துச்சே!" என்றார் பெருமுடியார், இன்னொன்றை மேலே வீசி ஏந்தியபடி.

பதுங்கனுக்குச் சுருக்கென்றது. அந்த மண்ணுக்காக அவன் வெட்சியைப் பட்டினி போட்டிருந்தான். ஒரு முட்டாளும் நம்பாத மண்ணுக்காக.

"பழம் இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஐயா," என்றான். "இருந்து சாப்பிட்டுப் போங்க. எனக்கு வேலை இருக்கு."

இருப்பதிலேயே பழுத்ததாக ஒன்றைப் பறித்துக்கொண்டு நாங்கு மரத்துக்கு வந்தான். அலகைக் கீற்றுக்குள் நீட்டினான். பழம் உள்ளே போனது. இன்னொன்று. மறுபடி இன்னொன்று. பசியாறிய பிறகுதான் வெட்சிக்குப் பேச்சு வந்தது.

"அலகு ஏன் இப்படி நடுங்குது?"

"பயம்தான்," என்றான் பதுங்கன். "போகவே மாட்டேங்குது, வெட்சி."

"நடுங்கட்டும்," என்றாள் அவள். "உள்ளே நுழையுதுல்ல, அது போதும்!"

பிறர் வாசலில் பெரியவனாகத் தெரிவதற்காகத் தலையைப் பெருக்கிக்கொள்பவன், தன்னை நம்பிக் காத்திருப்பவரின் வாசலில் நுழைய முடியாமல் நிற்பான்.